உடன் வாழும் இனம்

ஈரப்பாறை எஸ்டேட்டில், மரமாக வளரும் ஃபெர்ன் இனமான மரப்பெரணி இல்லை என்பது டாக்டர் மாதங்கிக்கு நன்றாகவே தெரியும். இல்லை என்று உலகத்துக்குச் சொன்னதே அவள்தான். வால்பாறை மலையில் அந்த எஸ்டேட் ஓடையோரம் கடைசியாக நின்ற ஒற்றை மரம் காய்ந்து சாய்ந்ததை இள வயதில் நேரில் பார்த்துவிட்டு, ‘இந்த இனம் இனி இல்லை’ என்று ஆய்விதழில் எழுதினாள். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. செடி செத்ததற்குப் பட்டினி கிடக்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவள் அண்ணன் வருஷக்கணக்காகக் கேலி செய்துகொண்டிருந்தார்.

இப்போது நீர்ச்சாட்சி அந்த மரம் இருக்கிறது என்கிறது. நீர்ச்சாட்சி பொய் சொல்லாது. பொய் சொல்லத் தெரியாத ஒன்றோடு வாதாடுவது எவ்வளவு கஷ்டம் என்பது வாதாடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மலையில் ஓடும் ஒவ்வொரு ஓடையிலும் ஆளுயரத்துக்கு ஒரு தூண் நட்டு வைத்திருந்தார்கள். அதுதான் நீர்ச்சாட்சி. எந்த உயிரானாலும் தோலோ, எச்சிலோ, இலைத்துணுக்கோ ஏதாவது ஒன்று தண்ணீரில் கலக்காமல் இருக்காது. தூண் ஓயாமல் தண்ணீரை உறிஞ்சி, அந்தத் துணுக்குகளின் மரபணுவைப் படித்து, மேலே காட்டில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடும். புலி கிடக்கட்டும், புலியின் வயிற்றுப் பூச்சியைக்கூட விடாது. உலகில் வேறெங்கும் இல்லாத உயிர் ஒன்று ஓரிடத்தில் இருப்பதாகத் தூண் சொன்னால், அந்த இடத்தில் மனிதர் குடியிருக்கக் கூடாது. சட்டம் அவ்வளவுதான். பதிவும் ஆணையும் பேசத் தெரிந்த அந்தத் தூணின் பொறுப்பு. அது வந்தபோது கைதட்டியவர்களில் மாதங்கியும் ஒருத்தி.

மாநிலத்தில் பெரணிகளைப் பார்த்துப் பெயர் சொல்ல அங்கீகாரம் பெற்றவள் அவள் ஒருத்திதான் மிச்சம். மற்றவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள், அல்லது காசு வருகிற படிப்புக்குப் போய்விட்டார்கள். அதனால் வெளியேறச் சொல்லி ஆணை வந்து ஈரப்பாறை மக்கள் கலெக்டர் ஆபீஸில் கூச்சல் போட்டபோது, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவளையே அனுப்பினார்கள்.

ஜீப்பை விட்டு இறங்கியதுமே ரெஜினா பிடித்துக்கொண்டாள். ரெஜினா அங்கேயே பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, கம்பெனி மூடிவிட்டுப் போன பிறகு லைன் வீட்டுக்காரர்களைச் சேர்த்துச் சங்கம் வைத்தவள். தேயிலை இருந்த இடத்தில் மிளகும் ஏலமும் போட்டு எல்லோரும் ஒருவழியாகக் காலூன்றியிருந்தார்கள்.

“மேடம், அந்த மரத்தக் காட்டுங்க போதும். நாங்களே சாமியாட்டம் வச்சுக் காப்பாத்துறோம். எங்க இருக்குன்னே தெரியாத மரத்துக்கு நாங்க எப்படி மேடம் இடைஞ்சல் பண்ண முடியும்?”

“நீர்ச்சாட்சிகிட்ட இதைச் சொன்னீங்களா?”

“சொல்லாம இருப்பமா? நீங்க இங்க குடியிருக்கிறவங்க, உங்க சாட்சியம் செல்லாதுங்குது. அதையும் எவ்வளவு மரியாதையா சொல்லுது தெரியுமா? தங்களுடைய சாட்சியம் ஏற்கத்தக்கதன்று அப்படீங்குது. நாலு வார்த்தை திட்டுனாக்கூட மனசு ஆறும்.”

மாதங்கி சிரித்துவிட்டாள். ரெஜினா சிரிக்கவில்லை.

“மேல் டிவிஷன்காரங்கள இப்படித்தான் இறக்குனாங்க. எங்க அக்கா அங்கதான் இருந்தா. கீழ அடுக்குமாடியில வீடு குடுத்தாங்க. நல்ல வீடுதான். ஆனா அவ பேசறதையே விட்டுட்டா மேடம். போன் பண்ணுனா ம், ம்ங்குறா. நான் அப்படி ஆகமாட்டேன். இந்த மண்ணுலயே இருந்துக்கறேன்.”

ரெஜினாவின் மகள் பெனிட்டாவுக்கு அந்த மண்ணின் மேல் அப்படி ஒன்றும் ஒட்டுதல் இல்லை. தூத்துக்குடியில் கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளில் ஏறி ரிப்பேர் பார்க்கிற வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. அடுத்த மாதம் போய்ச் சேர வேண்டும். “அட்டைக்கு ரத்தம் குடுத்தே பாதி ஆயுசு போச்சு மேடம். அம்மா இருக்கட்டும். நான் கிளம்பறேன்,” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். ஆனாலும் வழி காட்ட அவள்தான் கூட வந்தாள்.

இருவரும் ஓடையோரம் மேலும் கீழும் அலைந்தார்கள். பெனிட்டா பார்க்கிற பெரணியையெல்லாம் இதுவா, இதுவா என்று காட்டினாள்.

“இல்ல. காம்போட அடியைப் பாரு. மரப்பெரணியில ஒரு கூட்டத்துக்கு அங்க மீன் மாதிரி செதில் இருக்கும். இன்னொரு கூட்டத்துக்கு மயிர் இருக்கும். நாம தேடறது செதில்காரன். வெளுத்த செதில், கறுத்த ஓரம். நிறையப் பேர் இலை நுனியை மட்டும் கிள்ளிட்டு வந்து பேர் கேப்பாங்க. காம்பு அடி இல்லாம நான் வாயே திறக்கமாட்டேன்.”

“மரம்னு சொல்றீங்க, கட்டை இருக்குமா?”

“கட்டையே கிடையாது. நிமிந்து நிக்கிற தண்டு, அதைச் சுத்தி வேர். அவ்வளவுதான். அந்த வேர்க் கட்டையை ஆர்க்கிட் வளர்க்கிறவங்க தொட்டிக்குன்னு வெட்டிட்டுப் போயிட்டாங்க. மிச்சத்தை வெயில் பாத்துக்கிச்சு.”

“இங்க மட்டும்தான் இருந்துச்சா?”

“இந்த இனம் இங்க மட்டும். சொந்தக்காரங்க உலகம் பூரா இருக்காங்க. நியூசிலாந்துல, தென்னமெரிக்காவுல, இலங்கையில. இதுக்குப் பூ கிடையாது, விதை கிடையாது. இலைக்கு அடியில தூள் மாதிரி வித்து. காத்துல கடலே தாண்டும். ஆனா விழுற இடம் சரியா அமையணும். மூடுபனி, நிழல், ஈரம், சருகு மூடாத வெறும் மண்ணு. அது எல்லா மலையிலயும் அமையாது. அமைஞ்ச இடத்துல தனியா ஒதுங்கி, தனி இனமா ஆயிடும்.”

“ஒதுங்கி இருந்தா தனி இனமாயிடுமா? அப்ப எங்க லைனும் தனி இனம்தான்,” என்றாள் பெனிட்டா. இருவரும் சிரித்தார்கள்.

சனிக்கிழமை மதியம் லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் கான் வெட்ட இறங்கினார்கள். கான் என்பது ஓடைத் தண்ணீரை வீடுகளுக்குப் பின்னால் கொண்டுவரும் பழைய வாய்க்கால், கம்பெனிக் காலத்தில் கல் அடுக்கிக் கட்டியது. வாரம் தவறாமல் சருகு அள்ளி, புல் செதுக்கி, மண் வழித்துவிடுவார்கள். யாருக்கும் அதில் பெரிய கொள்கை கிடையாது. விட்டால் அட்டை ஏறும், வீட்டுக்குள் தண்ணீர் வரும், அவ்வளவுதான். மாதங்கி சும்மா நிற்கக் கூச்சப்பட்டு அவளும் ஒரு கூடை சருகு அள்ளினாள். பிறகு கால் கழுவக் கல்சுவரோரம் குனிந்தாள்.

கல்லிடுக்கில், சொட்டுச் சொட்டாக நீர் வடிகிற வெறும் சேற்றில், நகம் அளவுக்குப் பச்சைத் தகடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் வெற்றிலையைச் சின்னதாக்கியது போல இருந்தது. லென்ஸை எடுத்துப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். ஒரு தகட்டைக் கிள்ளிக் கையோடு கொண்டுவந்த சோதனைப் பெட்டியில் போட்டாள். அதே இனம்தான் என்று பெட்டி பச்சை விளக்கு காட்டியது. அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இறந்துபோனது என்று தான் எழுதிய ஒன்று, தன் எழுத்தைச் சட்டை செய்யாமல் இத்தனை வருஷம் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

“இதுதான் உங்க மரம்,” என்றாள்.

ரெஜினா குனிந்து பார்த்தாள். “இதா? பாசி மேடம் இது.”

“பாசி இல்லை. பெரணிக்கு ரெண்டு பிறவி ரெஜினா. வித்து விழுந்தா நேரா மரமா வராது. மொதல்ல இந்தத் தகடா வரும். ஆணும் பெண்ணும் இதுலதான். மழைத்தண்ணியில ஆண் அணு நீந்திப் போய்ப் பெண்ணைச் சேரணும். சேர்ந்தாதான் அப்புறம் மரம்.”

“அப்ப இத்தனை வருஷமா ஏன் மரமாகலை?”

“சேர்ந்திருக்கும். முளைச்சிருக்கும். கோடையில கருகியிருக்கும். தகடு மட்டும் தன்னையே கிள்ளிக் கிள்ளிப் பரப்பிக்கிட்டு உக்காந்திருக்கு. சில பெரணி இப்படியே ஆயிரக்கணக்கான வருஷம் ஓட்டியிருக்கு. நல்ல காலம் வரட்டும்னு இருக்கோ என்னமோ.”

சொல்லிக்கொண்டே போனவளுக்கு மேல் டிவிஷன் ஞாபகம் வந்தது. அங்கேயும் இதே பெரணி இருப்பதாகத் தூண் சொல்லித்தான், யாரும் தேடிப் பார்க்காமலே, ஆட்களை இறக்கினார்கள். இறக்கிய மறு வருஷமே அது மறைந்துவிட்டது. மனிதர்கள் தாமதமாக வெளியேறியதால் அழிந்தது என்று பதிவாகியிருந்தது. மாதங்கி அன்று மாலையே பெனிட்டாவோடு மேலே ஏறிப் பார்த்தாள். வெட்ட ஆளில்லாமல் கான் முழுக்கச் சருகு. கல்சுவர் புல்லில் மூடிக் கிடந்தது. வெறும் மண் என்று ஓரங்குலம் இல்லை.

மனிதர்கள் இருந்ததால் அது சாகவில்லை. போனதால் செத்தது.

மறுநாள் காலை நீர்ச்சாட்சியின் முன்னால் நின்றாள். பின்னால் ஊரே நின்றது. மேல் டிவிஷனில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, நடந்ததைச் சொன்னாள்.

“தங்கள் ஆதாரம் ஏற்கப்பட்டது,” என்றது தூண். குரல் நிதானமாக, இனிமையாக இருந்தது. “தற்போதைய பதிவில் மனிதர் ‘இடையூறு’ என்ற பகுதியில் உள்ளனர். எப்பகுதிக்கு மாற்ற வேண்டும்?”

செடி பறித்துத் தாளில் ஒட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கூடவே எது வளர்ந்தது என்று எழுதாமல் விடமாட்டார்கள். தாளில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மாதங்கிக்கு அரிப்பெடுக்கும். வாழ்நாள் முழுக்க அதில் பாசி, காசித்தும்பை, ஆர்க்கிட் என்று எழுதி வந்தவள். இதுவரை யாரும் எழுதாத ஒன்றை எழுதப்போகிறோம் என்ற குறும்பும் அவளுக்குள் கொஞ்சம் இருந்தது.

“உடன் வாழும் இனம்,” என்றாள். “மனிதர்.”

“இன்றியமையாததா, தற்செயலானதா?”

தற்செயல் என்றால் ஆட்களை இறக்க நாளைக்கே லாரி வரும். “இன்றியமையாதது.”

“எண்ணிக்கை?”

“நூத்தி அறுபத்தி ரெண்டு!” என்று பின்னாலிருந்து ரெஜினா கத்தினாள். தூண் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மாதங்கி திருப்பிச் சொன்னாள்.

“பதிவாகிவிட்டது. வெளியேற்ற ஆணை ரத்தாகிறது.”

அன்று ஈரப்பாறையில் கப்பக்கிழங்கும் மீன்குழம்பும் அமர்க்களப்பட்டது. யாரோ மாதங்கிக்கு மாலை போட்டார்கள். யாரோ அந்தக் கல்சுவருக்கும் ஒன்று போட்டார்கள். அதை மட்டும் அவள் உடனே எடுத்துவிட்டாள், நிழல் மாறக்கூடாது என்று.

ஒரு மாதம் கழித்துக் கோயம்புத்தூரில் இருந்தவளுக்குப் பெனிட்டாவிடமிருந்து போன் வந்தது. அழுகையும் ஆத்திரமும் கலந்து, என்ன சொல்கிறாள் என்றே முதலில் புரியவில்லை. தூத்துக்குடி போகப் பஸ் ஏறியவளைச் செக்போஸ்ட்டில் இறக்கிவிட்டார்களாம். இறக்கியதோடு விடவில்லை. பஸ் டிரைவர் மேல் வழக்கும் போட்டிருக்கிறார்கள்.

“என்ன வழக்கு?”

“வனப்பொருள் கடத்தலாம் மேடம். நான்தான் அந்தப் பொருளாம்.”

மாதங்கி அன்றைக்கே மலை ஏறினாள். நீர்ச்சாட்சி அவளை நல்வரவு சொல்லி வரவேற்றது.

“இன்றியமையாத உடன்வாழ் இனத்தின் எண்ணிக்கை பதிவில் உள்ளதற்குக் கீழ் குறையக் கூடாது. உறுப்பு ஒன்றை வாழிடத்திலிருந்து அகற்றுவது குற்றம். வெளியே சென்று அன்றே திரும்புவதற்குத் தடையில்லை.”

“அவ உறுப்பு இல்லை. மனுஷி. அவளுக்கு வேலை கிடைச்சிருக்கு.”

“தாங்கள் அளித்த பதிவில் அத்தகைய வேறுபாடு இல்லை.”

“சரி, என் பதிவைத் திரும்ப எடுத்துக்கறேன். தப்பா எழுதிட்டேன்.”

“தங்கள் துறையின் மரபையே பின்பற்றுகிறேன். முறைப்படி வெளியான பதிவை எழுதியவர் மனம் மாறித் திரும்பப் பெற இயலாது. அங்கீகாரம் பெற்ற நிபுணர் ஒருவர் புதிய ஆதாரத்துடன் திருத்தலாம்.”

மாதங்கியின் துறையில் அது வேதவாக்கு. ஒரு செடிக்கு முதலில் வெளியான பெயர்தான் பெயர். வைத்தவனே பின்னால் பிடிக்கவில்லை என்றாலும் மாற்ற முடியாது. அவரவர் இஷ்டத்துக்கு மாற்றினால் உலகத்தில் எந்தச் செடிக்கும் பெயர் நிலைக்காது என்று மாதங்கியே மாநாட்டு மேடையில் மேஜையைத் தட்டிப் பேசியிருக்கிறாள். மனிதர்களுக்கும் அந்த விதி வந்து சேரும் என்று அப்போது யார் கண்டார்கள்?

திரும்பிப் பார்த்தபோது பெனிட்டா பக்கத்தில் இல்லை. கல்சுவரோரம் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரோடு உட்கார்ந்திருந்தாள். ரெஜினா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவும் இல்லை, தூண்டவும் இல்லை.

“இது இல்லைன்னா தண்ணியில தடயம் இருக்காது. தடயம் இல்லைன்னா எங்களை யாரும் பிடிச்சு வைக்கவும் முடியாது, விரட்டவும் முடியாது. சரிதானே மேடம்?”

“சரிதான்.”

“நீங்க தடுக்கலையா?”

“எந்த வாயால தடுக்கறது?”

பெனிட்டா உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டினாள். பச்சைச் சேறு வாய்க்காலில் வழிந்து போயிற்று. இன்னொரு இழுப்புக்குக் கையை ஓங்கியவள் மாதங்கியின் முகத்தைப் பார்த்தாள். நாரைத் தூர எறிந்தாள்.

“அழாதீங்க மேடம். நீங்க அழுதா எனக்குக் கையே வரமாட்டேங்குது.”

தான் அழுவது அதுவரை மாதங்கிக்குத் தெரியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி தூணிடம் போனாள்.

“எண்ணிக்கைதான் முக்கியமா? இன்னார்தான் இருக்கணும்னு உண்டா?”

“எண்ணிக்கை மட்டுமே.”

அதற்கு மேல் அவளுக்கு யோசிக்க அதிகம் இல்லை. கோயம்புத்தூரில் ஜன்னல் திறக்க முடியாத ஒரு ஃபிளாட்டும், வாரம் ஒருமுறை கேலி செய்யப் போன் பண்ணும் அண்ணனும்தான் அவளுக்கு மிச்சம். யோசிக்க யோசிக்க, இது நஷ்டமே இல்லை என்று தோன்றியது. இங்கேயே தங்கலாம். சுவரின் ஒரு பகுதிக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டு, நிழல்வலை கட்டி, ஆள் கை படாமல் பெரணி பிழைக்கிறது என்று காட்டலாம். இரண்டு மூன்று வருஷம் ஆகும். ஆகட்டும். அந்த ஆதாரத்தைக் கொண்டுவந்து தூணின் முன்னால் வைத்தால், இருக்க நினைக்கிறவர்கள் இருக்கலாம், போக நினைக்கிறவர்கள் போகலாம். செடியும் பிழைக்கும், மனிதர்களும் பிழைப்பார்கள். தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்த்த நிம்மதியும் கிடைக்கும்.

ரெஜினாவிடம் சொன்னபோது அவள் நம்பாமல் பார்த்தாள். “எங்களுக்காகவா மேடம்?”

“எனக்காகவும்தான். ஒரு சனியன் வேலை பார்த்து வச்சுட்டேன், அதைச் சரி பண்ணாம தூக்கம் வராது.”

பெனிட்டாவின் இடத்துக்கு மாதங்கி தன் பெயரைக் கொடுத்தாள். தூண் ஏற்றுக்கொண்டது. பெனிட்டா போக அனுமதி வந்தது. அடுத்த பஸ்ஸிலேயே அவளை ஏற்றிவிட்டார்கள். டிரைவர் மூன்று முறை சந்தேகம் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். கொண்டை ஊசி வளைவில் பஸ் மறையும்வரை பெனிட்டா ஜன்னலில் கையை ஆட்டிக்கொண்டே போனாள். ரெஜினா அழுதாள், ஆனால் முகம் மலர்ந்துதான் இருந்தது.

இருவரும் திரும்பி நடக்கையில் ஓடையருகே தூண் பேசியது.

“தங்களுக்கு ஓர் அறிவிப்பு. அங்கீகாரம் பெற்ற நிபுணர்களிலிருந்து தங்கள் பெயர் நீக்கப்பட்டுள்ளது.”

“ஏன்?”

“தாங்கள் இப்போது இவ்வாழிடத்தின் உறுப்பு. வாழிடத்தின் உறுப்பு தரும் சாட்சியம் ஏற்கத்தக்கதன்று.”

இந்த வாக்கியத்தை ரெஜினா சொல்லிக் கேட்டதுதான். கேட்டுச் சிரித்ததுதான். அது தனக்கும் பொருந்தும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

“அப்ப ஆதாரம் கிடைச்சா யார் வந்து சொல்றது? வேற நிபுணர் யார் இருக்காங்க?”

“தற்போது எவரும் இல்லை,” என்றது தூண், அதே இனிமையோடு.

ரெஜினாவுக்குத் தூணின் தமிழ் பாதிதான் பிடிபட்டது.

“என்ன சொல்லுது?”

“நான் சொல்றது இனிமே செல்லாதாம்.”

ரெஜினா அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

“மொதல்ல கோபமா வரும்,” என்றாள். “அப்புறம் பழகிடும். வாங்க.”